சோழ நாட்டுச் சுற்றுலா: விடுபட்ட சில இடங்கள்

'பொன்னியின் செல்வன்' நடந்த இடங்களைப் பார்க்கச் சென்னையிலிருந்து வேன் வேனாக வருகிறவர்கள் எங்கள் கம்மாபுரம் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நெய்வேலி, வடலூர், சேத்தியாத்தோப்பு, அப்புறம் வீராணம். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் வந்த கரையாயிற்றே! குதிரை நின்ற இடம் எது என்று கேட்கிறார்கள். எந்த மதகைக் காட்டினாலும் அங்கே நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். முதல் பராந்தகன் காலத்து ஏரி அது. 2004 முதல் அதன் தண்ணீர் குழாயில் ஏறிச் சென்னைக்குப் போகிறது. காலையில் வாய் கொப்பளித்துத் துப்பிய தண்ணீரை மாலையில் வந்து கையெடுத்துக் கும்பிடுகிறார்கள், பாவம்.

அடுத்தது காட்டுமன்னார்கோவில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயில். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது: சோமன், ரவிதாசன், பரமேசுவரன். நந்தினியைத் தேடாதீர்கள், அந்த அம்மாள் கல்கியின் பேனாவில் பிறந்தவர். கல்வெட்டு சொல்லும் சேதியே வேறு. துரோகிகள் நிலத்தையும் அவர்களுடைய சொந்தபந்தங்களின் நிலத்தையும் பறிமுதல் செய்யச் சொல்லி ராஜராஜன் தன் இரண்டாம் ஆட்சியாண்டில் விட்ட ஆணை அது. சரியோ தப்போ, அந்தக் காலத்தில் நிலத்தைப் பிடுங்க ஒரு கொலையாவது நடந்திருக்க வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்து ஊரான வளையமாதேவிக்காரர்கள் யாரைக் கொன்றார்கள்?

2023 ஜூலை 26. ஆடி 10, பெருக்குக்கு இன்னும் எட்டு நாள். படத்தின் இரண்டாம் பாகம் வெளிவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பரவனாற்றைத் திருப்பிவிட வாய்க்கால் வெட்டுகிறோம் என்று என்.எல்.சி. சுரங்க நிறுவனத்தின் பொக்லைன்கள் போலீஸ் காவலோடு வயலுக்குள் இறங்கின. வளர்ந்து நின்ற நெல் வேரோடு புரண்டது. நிலத்தை எப்போதோ எடுத்தாயிற்றாம், அதில் நட்டது விவசாயி குற்றமாம். இத்தனை வருடம் சும்மா போட்டு வைத்தவர்களுக்கு அறுப்பு வரை பொறுக்க முடியவில்லை. இரண்டு மாதம் காத்திருக்கக் கூடாதா என்று உயர் நீதிமன்றமே கேட்டது. பிறகு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு.

அதே வருடம் ஏப்ரலில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே பழுப்பு நிலக்கரி எடுக்க ஒன்றிய அரசு ஏலம் அறிவித்தது. நானும் டெல்டாக்காரன்தான், விடமாட்டேன் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் சொன்னார். ஏலம் கைவிடப்பட்டது, கைதட்டினோம். ஜூலையில் பொக்லைனுக்குக் காவல் நின்ற போலீஸ் எந்த அரசின் போலீஸ்? மூன்றே மாதத்தில் டெல்டாவின் எல்லையை யாரோ நகர்த்தி நட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

சுரங்கத்துக்கு நிலம் கேட்கிற ஊர்களில் கத்தாழை, கரிவெட்டியோடு மும்முடிசோழகன் என்றும் ஓர் ஊர். மும்முடிச் சோழன் யாரென்று வேனில் வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தியேட்டரில் ராஜராஜன் முகம் தெரிந்ததும் விசிலடித்தார்கள். இங்கே அவன் பட்டப்பெயர் தாங்கிய ஊரைச் சர்வே எண் சர்வே எண்ணாக விலை பேசுகிறார்கள், ஒருவர் வாயிலும் காற்று வரவில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்தில் வழிகாட்டி பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்: 1836-ல் வெள்ளைக்காரன் இந்தக் கோயில் மதில் கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் கீழணை கட்டினான் என்று. நியாயமான கோபம். ஆனால் அந்த அணையிலிருந்துதான் வடவாற்றில் வீராணத்துக்குத் தண்ணீர் வருகிறது. அவன் கோயிலை இடித்து வயலுக்குப் பாய்ச்சினான். நாம் கோயிலைச் சுற்றிப் புல்தரை போட்டுவிட்டு வயலை இடிக்கிறோம்.

சுற்றுலா நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை. திரும்பும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி வளையமாதேவிக்கு வாருங்கள். இடிபாடு பார்க்கத்தானே வந்தீர்கள்? இது புத்தம் புதுசு. ஆயிரம் வருடத்துப் பழசு என்றால் ஆராய்ச்சியாளர் வந்து படித்துச் சொல்ல வேண்டும். இங்கே பறிகொடுத்தவர்களே பட்டா நகலோடு வந்து விளக்குவார்கள். ரீல்ஸுக்குப் பின்னணி இசை மட்டும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.