வரவேற்பறை நக்கீரர்

புது எச்.டி. டிவியில் முதல் போணியாக ‘திருவிளையாடல்’ (1965) பார்த்தேன். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தபோது கயிலாயம் கயிலாயமாகத்தான் இருந்தது. எல்லாம் மழை பெய்யும் அந்தப் பழைய பிரிண்ட் செய்த புண்ணியம். இப்போது 1080 வரிகளில் பனிமலையில் பெயின்ட் தெரிகிறது. தாடி எங்கே முடிகிறது, பசை எங்கே தொடங்குகிறது என்பதுவரை துல்லியம். சிவாஜி கர்ஜிக்கிறார், நானோ டோப்பாவின் விளிம்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இயக்கியதோடு நிற்காமல் நக்கீரராகவும் நடித்தவர் ஏ.பி. நாகராஜன். அந்த வேடத்தை இன்று டிவி பிடுங்கிக்கொண்டுவிட்டது. நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் அதைச் சுற்றியுள்ள அரிதாரத்தைத்தான் முதலில் காட்டும்.

அடுத்து ‘பராசக்தி’ (1952). 4:3 சட்டத்தில் எடுத்த படத்தை 16:9க்கு இழுத்துவிட்டதில், பசியில் வாடும் குணசேகரன் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிட்டார். ரிமோட்டை எடுத்துச் சரிசெய்தேன்.

“ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்கே, இதுக்கா இவ்வளவு காசு குடுத்தீங்க?” என்றாள் மனைவி.

மறுபடி இழுத்துவிட்டேன். குணசேகரன் கொழுகொழுவென்று பட்டினி கிடந்தார்.