எவ்வளவுக்கு வாங்கினனீங்கள்?

திருகோணமலையில் ஒரு மீன்பையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஒழுங்கையின் நீளத்துக்கு நடந்து பாருங்கள். யாராவது ஒருவர் சைக்கிளை ஒற்றைக் காலால் ஊன்றி நிறுத்தி, பைக்குள் எட்டிப் பார்த்து, "எவ்வளவுக்கு வாங்கினனீங்கள்?" என்று கேட்பார். நீங்கள் எந்த விலையைச் சொன்னாலும் அவர் முகத்தில் முதலில் துக்கம் தெரியும். அது வடிவதற்குள் அடியிலிருந்து ஒரு சந்தோசம் மேலே வரும். "ஐயோ, ஏமாந்திட்டியள். காலமை நான் உதைப் பாதி விலைக்கு வாங்கினனான்."

இவர்தான் மலிவு மாமா. ஒருவர் அல்லர். உவர்மலையில் ஒருவர் இருக்கிறார், பாலையூற்றில் ஒருவர், லிங்கநகரில் இரண்டு பேர் இருந்து ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போனால் இவரே தலையில் தொப்பியோடு நானாவாக இருப்பார். சந்தையில் பக்கத்துத் தட்டில் "கீயத?" என்று கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குகிற சிங்களப் பெரியவரும் இதே குலம்தான். முப்பது வருடம் பேச்சுவார்த்தை நடந்தும் சேராத இனங்கள் ஒரு கூறு கத்தரிக்காய்க்கு முன்னால் சேர்ந்து நின்று ஒரே முகத்தைக் காட்டுவதை இந்த ஊரில் காணலாம்.

அனேகமாகக் கச்சேரியிலோ துறைமுகத்திலோ எழுதுவினைஞராக இருந்து பென்சன் எடுத்தவர். கோவைகளின் ஓரத்தில் 'அனுமதிக்கப்படவில்லை' என்று காலமெல்லாம் எழுதிய கைக்கு ஓய்வு கிடைத்ததும் வேறு வேலை வேண்டியிருந்தது. இப்போது சூடை மீனையும் புடலங்காயையும் அனுமதிக்காமல் திருப்பி அனுப்புகிறார். சைக்கிள் ஹாண்டிலில் பனையோலை உமல், பின் கரியரில் மடித்த உரப்பை, சட்டைப்பையில் ஒரு கொப்பி. கொப்பியில் திகதி, பொருள், கேட்ட விலை, கொடுத்த விலை, 'லாபம்' என்று ஐந்து நிரல். லாப நிரல் மட்டும் சிவப்பு மையில் எழுதப்படும்.

காலையில் அவரைத் திருக்கடலூர்க் கரையில் பார்க்கலாம். கரைவலை இழுக்கிறவர்களுக்கு ஒரு கை கொடுப்பதாகப் பாவனை செய்வார். கயிற்றை இழுப்பவர்களை விட மூச்சு அதிகம் வாங்குவார். வானிலை அறிவிப்பு அவருக்குத் தேவையில்லை. மே தொடங்கிச் செப்டெம்பர் மட்டும் கச்சான் காற்று; மேற்குக் கரை கொந்தளிக்கும்போது நம்முடைய கடல் அமைதியாகக் கிடக்கும். நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் மீனவர்கள் வந்து இந்தக் கரையில் வாடி போடுவார்கள், மீன் மலியும். நவம்பரளவில் வாடை திரும்பினால் படகு ஏறாது, விலை ஏறும். நிலாக் காலத்தில் சூடை சரியாகப் படாது. இதெல்லாம் தெரிந்த மனிதர் கடலைப் பார்த்து நின்றால் அழகை ரசிக்கிறார் என்று சுற்றுலாப் பயணிகள் நினைத்துப் படம் எடுப்பார்கள். அவர் நாளைய சூடை விலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன விலை தம்பி?"

"கிலோ அறுநூறு, ஐயா."

"நேற்று நானூறு."

"நேற்று நீங்க வரேல்லையே ஐயா."

"வராட்டி எனக்குத் தெரியாதெண்டு நினைச்சனியோ?"

பேரம் இப்படி ஏறி இறங்கி நானூற்றைம்பதில் நிற்கும். அந்த நூற்றைம்பதைக் கொப்பியில் சிவப்பால் எழுதும் மட்டும் மீன் வெயிலில் கிடக்கும்.

மரக்கறிக்கு அவர் போவது பின்னேரம். கரட், லீக்ஸ், போஞ்சி எல்லாம் நுவரெலியாவில் விளைந்து, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் கை மாறி, ஏ6 வீதியில் நூறு கிலோமீற்றருக்கு மேல் லொறியில் வருகிறவை. "லொறி வாடகையை நானேன் தின்ன வேணும்?" என்பது காலையில் அவருடைய கொள்கை. பின்னேரம் ஐந்து மணிக்கு, வியாபாரிகள் சாக்கை மடிக்கத் தொடங்கும்போது, கொள்கை தளரும். வாடிய லீக்ஸ், மேல் இலை பழுத்த கோவா, ஒரு பக்கம் நசிந்த தக்காளி எல்லாம் கூறாகக் குவியும். அந்த நேரத்தில் அவருக்கு ஒரே ஒரு போட்டி உண்டு. நம்முடைய ஊரின் புள்ளிமான்கள் கோட்டைக்குள் மட்டும் நிற்பவை அல்ல, பஸ் நிலையம், சந்தை எல்லாம் அவற்றின் வீடுதான். கழித்துப் போட்ட கோவா இலைக்கு ஒரு மானும் மாமாவும் ஒரே நேரத்தில் குனிந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். மான் விலகிக்கொண்டதாம்.

இனி வீட்டுக்குள் வருவோம். வீரம் அங்கேதான் இருக்கிறது, ஆனால் மாமாவிடம் இல்லை.

இரண்டு பேர் உள்ள வீடு. பிள்ளைகளில் ஒன்று கனடா, ஒன்று கொழும்பு. மாமா ஏழு கிலோ பூசணிக்காயோடு வந்து இறங்குவார்.

"இஞ்சேருங்கோ, ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு?"

"வெட்டின துண்டெண்டா கிலோவுக்கு இருபது ரூபாய் கூட. முழுசா எடுத்தா லாபம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மாமி மறைப்பார், ஒரு வாரம் எடுக்கும். திங்கட்கிழமை பால்கறி. செவ்வாய் வறுத்த தேங்காயும் மிளகும் போட்டுப் பிரட்டல். புதன் பருப்போடு கூடிக் கூட்டு. வியாழன் தோலைச் சீவி வறை. வெள்ளி புளிக்குழம்பில் கத்தரிக்காய்க்குத் துணையாக இரண்டு துண்டு. அதற்குப் பிறகு சீனி போட்டுக் கிண்டியதை அல்வா என்று சொல்லி ஒழுங்கை முழுவதும் கொடுத்தனுப்புவார். கிண்ணத்தைத் திருப்பித் தரும் வீடுகள் வெறும் கிண்ணமாகத் தருவதில்லை, அதில் ஒரு பிடி முருங்கையிலையோ இரண்டு எலுமிச்சங்காயோ இருக்கும். அடுத்த வாரத்து வறைக்கு இலை வந்தாயிற்று. இந்த வரவு மாமாவின் கொப்பியில் ஏறுவதில்லை.

மூன்று கிலோ சூடை வந்து இறங்கும் நாளில் மாமி ஒன்றும் பேசமாட்டார். விரலளவு மீன் ஒவ்வொன்றையும் தலை கிள்ளிக் குடல் எடுக்க வேண்டும். மாமா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து பேரம் நடந்த விதத்தைச் சொல்லிக் காட்டுவார். ஒரு பங்கு புளியாணம், ஒரு பங்கு மஞ்சளும் தூளும் தடவிப் பொரியல், மிச்சம் உப்பிட்டுக் கூரைத் தகரத்தில் கருவாடு. கருவாட்டுக்குக் காகம் காவல் பார்க்கிற வேலைதான் மாமாவுக்குக் கிடைக்கும். அதையும் நித்திரை கொண்டபடி செய்வார்.

தேங்காயில்தான் மாமியின் கெட்டித்தனம் முழுவதும் வெளிவந்தது. 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் ஒரு தேங்காய் இருநூறு ரூபாயைத் தொட்டபோது, புட்டும் சொதியும் சம்பலும் இல்லாமல் வாழத் தெரியாத இந்த ஊர் திகைத்து நின்றது. மாமி ஒரு தேங்காயை இரண்டு நாளாக்கினார். பாதியில் முதற்பால் சொதிக்கு, இரண்டாம் பால் கறிக்கு, மூன்றாம் பால் பருப்பு அவிய. பிழிந்த சக்கை கோதுமை மாவோடு சேர்ந்து மறுநாள் ரொட்டி. மற்றப் பாதிக்கும் இதே கதி. மாமா நாற்பது நிமிடம் சைக்கிள் மிதித்து ஒரு தேங்காயில் மிச்சம் பிடித்தது பத்து ரூபாய். ஊர் மெச்சியது மாமாவை.

கோதுமை மாவில் மட்டும் மாமா தோற்றுப் போனவர். சீனக்குடாவில் பிறீமா ஆலை 1980 முதல் கப்பலில் வரும் கோதுமையை மாவாக்குகிறது. நாட்டுக்கே மா போகிற இடம் குடாவின் மறுகரையில் கண்ணுக்குத் தெரிய, கொழும்பு விலைக்கே பாண் வாங்குகிற அநியாயத்தை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. சின்ன வயதில் பட்டது வேறு. எழுபதுகளில் பாணுக்கு விடியமுன் வரிசையில் நின்ற பையன் அவர். ஒருவர் இரண்டு கொத்து அரிசிக்கு மேல் கொண்டுபோனால் வழியில் பறிக்கப்பட்ட காலம் அது. அவருடைய தகப்பனார் அதற்கு முந்திய கதையைச் சொல்லி வளர்த்தார்: 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது, ஆகஸ்ட் 12 ஹர்த்தால், அந்த வருடமே டட்லி சேனநாயக்க பிரதமர் பதவியை விட்டார். அரிசி விலையில் கைவைத்தவன் நிலைக்கமாட்டான் என்பது அந்த வீட்டில் பரம்பரைப் பாடம். உண்மையில் அவரை ஒரு கஞ்சன் என்று சொல்ல எனக்கு மனம் வராததற்குக் காரணம் இதுதான். நாட்டின் பயத்தை உமலில் போட்டுத் தூக்கித் திரிகிறார்.

2022 வந்தது. எல்லாரும் அழுதோம். சீனக்குடாவில் உலகப் போர்க் காலத்து எண்ணெய்க் குதங்கள் நூறளவில் பெரும்பாலானவை காடு மண்டி நிற்க, ஊர் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது. இயந்திரப் படகு கரையில் கிடந்தால் சூடைக்கு ஏது விலை? பன்னிரண்டரைக் கிலோ காஸ் ஐயாயிரத்தை நெருங்கியது. செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 என்று கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் சொன்னது. மாமா கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது கொழும்புக் கணக்கு. அவங்கள் பேரம் பேசத் தெரியாதவங்கள்." அந்த ஆண்டில் ஒழுங்கையில் சந்தோசமாக இருந்த ஒரே மனிதர் அவர். அதுவரை அவரைக் கேலி செய்தவர்கள் எல்லாம் காலையில் படலையில் வந்து நின்று, "ஐயா, இண்டைக்கு எங்க மலிவு?" என்று கேட்டார்கள். கச்சேரியில் கூட யாரும் அவரை இப்படிக் காத்து நிற்கவில்லை.

சமயங்களையும் அவர் நன்றாகக் கற்றிருக்கிறார். வெள்ளிக்கிழமை பாதி ஊர் சைவம், ஆகவே மீன் இறங்கும். கந்தசஷ்டி ஆறு நாளும் மரக்கறி ஏறும், ஆகவே முதல் வாரமே பூசணி வாங்கிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மலிவாக வாங்கிய மீனை மாமி தன் குசினிக்குள் விடமாட்டார். அது பக்கத்து வீட்டு நானாவின் பிரிட்ஜில் சனிக்கிழமை வரை தங்கும். வாடகையாக இரண்டு மீன். மின்சாரமும் நானாவுடையது என்பதை மாமா ஒரு கூடுதல் இலாபமாகக் குறித்திருக்கிறார். றமழான் மாதத்தில் அந்த வீட்டு நோன்புக் கஞ்சி பின்னேரம் வந்துவிடும், அந்த முப்பது நாளும் இரவுச் சாப்பாட்டுச் செலவு சுருங்கும். வெசாக்குக்குத் தன்சல், பத்திரகாளி அம்மன் கோவிலில் அன்னதானம். "மூண்டு சமயமும் உள்ள ஊரில பட்டினி கிடக்கிறவன் திட்டமிடத் தெரியாதவன்" என்பது அவருடைய வாக்கு. நல்லிணக்கம் பற்றி ஊரில் நடந்த கூட்டங்களில் இவ்வளவு தெளிவாக யாரும் பேசியதில்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு அந்தக் கொப்பி ஒரு பொக்கிசம் என்று நினைக்கிறீர்கள் அல்லவா? பல்கலைக்கழகத்தில் யாராவது கண்டால் ஆராய்ச்சிக்கு எடுப்பார்கள் என்று எனக்கும் தோன்றியது. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கொப்பியில் உள்ள விலைகளில் பாதி பொய்.

ஒழுங்கையில் யாரும் அவரிடம் உண்மை விலை சொல்வதில்லை. நூறு ரூபாய் குறைத்துத்தான் சொல்வார்கள், இல்லாவிட்டால் அரை மணித்தியாலம் வெயிலில் நின்று புத்திமதி கேட்க வேண்டும். மாமியும் அப்படித்தான். மாமா சந்தைக்குப் போன பிறகு சைக்கிளில் கூவி வரும் மீன்காரரிடம் படலையடியில் நல்ல பாரைத் துண்டாகப் பார்த்து வாங்குவார். அவர் திரும்பி வந்து கேட்டால் பாதி விலை சொல்வார். மிச்சப் பாதி கனடாப் பிள்ளை அனுப்புவதில் போகும். இந்தப் பொய் விலைகளையெல்லாம் மாமா நம்பி எழுதி, மறுநாள் சந்தையில் போய், "நேற்று ஒழுங்கைக்குள்ளயே நானூறுக்குக் குடுத்தவங்கள்" என்று சண்டை பிடிப்பார்.

சந்தைக்காரர்கள் மட்டும் சும்மாவா? தூரத்தில் அந்த உமல் தெரிந்ததுமே தட்டுக்குத் தட்டுச் செய்தி போய்விடும். நானூற்றைம்பது ரூபாய்ச் சூடை அறுநூறாகும். அவர் அடித்துப் பேசி நானூற்றைம்பதுக்கு வாங்கி, சிவப்பு மையில் நூற்றைம்பது லாபம் எழுதிக்கொண்டு போவார். அவருக்குப் பின்னால் வரும் பெண்பிள்ளை ஒரு சொல்லும் பேசாமல் அதே நானூற்றைம்பதுக்கு வாங்கிக்கொண்டு போகும். கணக்குப் பார்த்தால் அவர் எல்லாரும் கொடுக்கும் விலையைத்தான் கொடுக்கிறார். அந்த வீட்டில் மிச்சம் பிடிக்கிறவர் குசினிக்குள் மூன்றாம் பால் பிழிந்துகொண்டிருக்கிறார்.

ஆகவே திருகோணமலைப் பக்கம் வந்தால், மீனும் கையுமாக நடக்கும்போது பக்கத்தில் ஒரு சைக்கிள் நின்றால், பயப்படாதீர்கள். நூறு ரூபாய் குறைத்துச் சொல்லுங்கள். யாரிடம் வாங்கினது என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த வியாபாரி பிள்ளைகுட்டிக்காரர்.