ஆவியாப் போன டீசல்

வாங்க மாப்ள, உக்காருங்க. அந்தக் கயித்துக் கட்டல் வேண்டாம், ஒரு காலு ஆடுது. 60 லிட்டர் டீசல் போன துக்கத்துல இடுப்பும் போச்சுன்னா உங்கம்மா என்னையத்தான் வைவா.

சேதி நேத்தே வந்துருச்சுங்க. நீங்க போலீசுக்குச் சொல்லாட்டியும் டீக்கடைக்குச் சொல்லிட்டீங்கல்ல, அது போதும். "200 லிட்டர் டிரம்மு, கழுத்து வரைக்கும் ஊத்தி வெச்சிருக்கறன். உழவு முடியற வரைக்கும் பங்க்குப் பக்கமே போக வேண்டியதில்லை"ன்னு போன மாசம் நெஞ்ச நிமுத்திச் சொன்னதும் அதே பெஞ்சுலதான். அன்னைக்கு அங்க ஏழு பேரு இருந்தோம். ஆறு பேரு டீ குடிச்சோம், ஒருத்தன் கணக்குப் போட்டுருக்கான். பொண்ணு பாத்துட்டு வந்தா நிச்சயம் ஆகற வரைக்கும் மூச்சு விடாத ஊருங்க இது. டீசலுக்கு மட்டும் ஏனுங்க தண்டோரா?

என்ன சொல்றானுங்க உங்க டிரைவர் பையன்? வெயிலுக்கு ஆவியாப் போயிருக்கும்னா? அட, பரவாயில்லையே, படிச்ச பையனாட்டத்தான் இருக்குது.

ஒரு தட்டுல பெட்ரோலு, ஒரு தட்டுல டீசலு, கொஞ்சம் கொஞ்சம் ஊத்தி வெயில்ல வெச்சுப் பாருங்க. பெட்ரோலு நீங்க வெத்தலை மடிக்கறதுக்குள்ள காணாமப் போயிரும். டீசலு பொழுதெறங்கி வந்து பாத்தாலும் பிசுபிசுன்னு அங்கயேதான் கெடக்கும். மூடி போட்ட டிரம்முல இருந்து 60 லிட்டர் ஆவியாகணும்னா, அந்த ஆவிக்குக் கையும் காலும் மொளச்சு, கேனும் எடுத்துட்டு வந்துருக்கணும்.

ஆனா பையன் சொல்றதுல ரெண்டு லிட்டர் அளவுக்கு நெசமும் இருக்குதுங்க. தகரக் கொட்டாய்க்குள்ள மத்தியானச் சூட்டுல எண்ணெய் விரியும், வெடியால குளுருல சுருங்கும். பத்துப் பன்னெண்டு டிகிரி வித்தியாசம் இருந்தா 200 லிட்டர்ல ரெண்டு லிட்டர் கிட்ட கூடக் குறையக் காட்டும். நீங்க ஊத்துனன்னைக்கு உச்சி வெயில்ல அளந்தீங்க. இப்ப கோழி கூப்புட அளந்துட்டு வந்து நிக்கறீங்க. அந்த ரெண்டு லிட்டரைத் திருடுனது சூரியன். அவரு மேல கேசு போட முடியாதுங்க.

மீதி 58. மாரியம்மன் நோம்பிக்கு ஜெனரேட்டருக்குன்னு 20 லிட்டர் தாட்டி விட்டீங்களே, மைக்குல உங்க பேரை மூணு தடவ சொன்னாங்களே, மறந்து போச்சா? பேரு மட்டும் காதுல நிக்குது, டீசலு நிக்கலையாக்கும். பொறவு, வடக்காலத் தோட்டத்துக்காரரு வண்டி காட்டுல நின்னு போச்சுன்னு 10 லிட்டர் கைமாத்து வாங்கிட்டுப் போனாரு. எழுதி வெச்சீங்களா? இல்லை. அவரு எழுதி வெச்சிருப்பாரா? அவரும் உங்களையாட்டத்தான்.

அப்ப மெய்யாலுமே போனது 28 லிட்டர். பாத்தீங்களா மாப்ள, நீங்க வரும்போது 60 லிட்டர் திருட்டு. பாதிக்கு மேல நானே கண்டுபுடிச்சுக் குடுத்துட்டன். எனக்குக் கூலி ஒண்ணும் வேண்டாம், வெத்தலைக்குச் சுண்ணாம்பு மட்டும் எடுங்க.

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? நானும் ஒருக்கா திருடுனவன்தானுங்க. 1974ல, எங்க கெணத்து மேட்டுல ஆயில் இன்ஜின் ஓடிட்டிருந்த காலம். டூரிங் டாக்கீஸ்ல படம் மாத்திட்டாங்கன்னு கேட்டதும் கால் நிக்கலை. ரப்பர் ட்யூப்பை டேங்குல வுட்டு வாய வெச்சு உறிஞ்சுனன். கேனுக்கு ரெண்டு லிட்டர், எனக்கு ஒரு மொடக்கு. மூணு நாளைக்கு ஏப்பம் விட்டா இன்ஜின் வாசம். ஏதோ விதி நல்லா இருந்துச்சு, நெஞ்சுக்குள்ள போகலை. டீசலு நுரையீரலுக்குள்ள எறங்குனா சளிக் காய்ச்சல் கண்டு ஆளையே சாச்சுரும். யாராச்சும் முழுங்கிட்டா வாந்தி எடுக்க வெக்காதீங்க, அப்பத்தான் அது மூச்சுக்கொழாய்க்குள்ள போகும். நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. திருடனா இருந்தாலும் சரி.

எங்கய்யன் என்னைய அடிக்கலைங்க. வேப்பங்குச்சி ஒண்ணை எடுத்துக் காமிச்சாரு. அதுல அருவாளால ரெண்டு வெட்டு. "இது நேத்து மட்டம், இது இன்னைக்கு மட்டம். நடுவுல இருக்கறது நீ"ன்னாரு. அவ்வளவுதான். பொறவு நான் டேங்குப் பக்கம் தலை வெச்சுப் படுக்கலை.

பூட்டு, கேமரா எல்லாம் அப்பறமுங்க. முன்னால ஒரு குச்சி. நிக்க வெச்ச 200 லிட்டர் டிரம்முல மட்டம் ஒரு இஞ்சு எறங்குனா ஆறரை லிட்டர் கிட்டப் போயிருக்குதுன்னு அர்த்தம். தெனமும் வெடியால ஒரே நேரத்துல குச்சிய வுட்டுப் பாத்து, ஒரு நோட்டுல எழுதுங்க. யாரு எடுத்தா, எந்தக் காட்டுக்கு, எத்தனை லிட்டர். நோம்பிக்குக் குடுத்ததும் அதுலயே வரணும். நீங்க அளக்கறீங்கன்னு ஊருக்குத் தெரிஞ்சாப் போதும். அந்தச் சேதிய வேணும்னா டீக்கடையில சொல்லுங்க, நானே டீ வாங்கித் தர்றன்.

இந்தக் குச்சியையும் ஏமாத்தற மகராசன் உண்டுங்க. எடுத்த அளவுக்குத் தண்ணிய ஊத்தி வெச்சுட்டுப் போயிருவான். மட்டம் அப்படியே இருக்கும். தண்ணி கனம், அடியில போய் உக்காந்துக்கும். வண்டிக்குள்ள போச்சுன்னா டீசல் பம்பும் இன்ஜெக்டரும் காலி. மெக்கானிக்கு கேக்கற காசுக்குத் திருட்டே தேவலைன்னு ஆயிரும். அதனால அப்பப்ப டிரம்மு அடியில இருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டில்ல நிறுத்திப் பாருங்க. தண்ணி இருந்தா கீழ தனியாத் தெரியும்.

சரி, இப்பப் பூட்டுக்கு வருவோம். பூட்டு வாங்குனீங்க, நல்ல பூட்டுதான். சாவிய எங்க மாட்டியிருக்கறீங்க? சாளை வாசல்ல, நெலவுக்குப் பக்கத்து ஆணில. மழைக்கு ஒதுங்குனவனுக்கும் கண்ணுல படற மாதிரி. பத்தாததுக்குக் கை பம்பை டிரம்முலயே சொருகி வெச்சிருந்தீங்க. டிரம்மையும் ரெண்டடி மேடை கட்டி மேல ஏத்தியாச்சு. உங்களுக்கு ஊத்த வசதின்னு கட்டுனீங்க, அவனுக்கும் அதே வசதிதான். ட்யூப்போட ஒரு முனை மேல, ஒரு முனை கீழ, கேனு பூமியில. ஒரு தடவ எறங்க ஆரம்பிச்சாத் தானாவே கொட்டும், அவன் பீடி பத்த வெக்கலாம். அதை வேற பயந்துக்கணும் நாம.

கேமராவும் வெச்சிருக்கறீங்க. அது கேட்டைப் பாத்துட்டிருக்குது. வர்ற ஒரம்பரையெல்லாம் அழகாப் படத்துல வர்றாங்க, நானும் துண்டை ஒதறிப் போட்டுட்டு ரெண்டு தடவ வந்துருக்கறன். டிரம்மு இருக்கறது பொறத்தால, கிளுவை வேலி விட்டுப் போன சந்துப் பக்கம். திருடன் என்ன கேட்டைத் தொறந்துட்டு, காலைக் கழுவிட்டு, "அண்ணா இருக்கறாருங்களா"ன்னு கேட்டுட்டா வருவான்? கேமராவைத் திருப்புங்க. வேலிச் சந்துல நாலு கிளுவைப் போத்தை நட்டு அடைங்க.

நாய் இருக்குதுன்னீங்க. பாத்தனே. எனக்கே வாலாட்டுச்சு. ஒரு வாரம் பிஸ்கோத்துப் போட்டவனுக்கெல்லாம் ஆட்டும். நாலு கின்னிக்கோழி வாங்கி விடுங்க. அதுக்கு ஒரம்பரையும் தெரியாது, மொதலாளியும் தெரியாது, எவன் வந்தாலும் ஊரைக் கூட்டிரும். உங்க மாமியார் வந்தாலும் கத்தும். அதை நாம ஒண்ணும் பண்ண முடியாதுங்க.

அப்பறம் டிராக்டரு. காட்டுலயே ராத்திரி நிறுத்திட்டு வர்றீங்க. டேங்கு மூடிக்குப் பூட்டு இல்லை. பூட்டு போட்டாலும் அடியில வடிகட்டற போல்ட்டு ஒண்ணு இருக்குதே, ஒரு ஸ்பேனர் போதும். கழுத்துக்கு வலை, மூடிக்குப் பூட்டு, போல்ட்டுக்குத் தகடு, மூணும் பட்டறையில பண்ணிக் குடுப்பாங்க. டேங்கைக் காலியா வெச்சு நிறுத்தறன்னு கெளம்பாதீங்க. காலி டேங்குல ராத்திரிப் பனிக்குத் தண்ணி கோத்துக்கும். நெறைச்சு வெச்சாத் திருடனுக்கு லாபம், கொறைச்சு வெச்சா மெக்கானிக்குக்கு லாபம். வண்டிய வூட்டுக்கு ஓட்டிட்டு வந்து, டேங்குப் பக்கம் செவுத்தோட ஒட்டி நிறுத்துனா லாபம் உங்களுக்கு.

அதுல ஒரு ஹவர் மீட்டர் இருக்குது, பாத்துருக்கறீங்களா? கம்பெனிக்காரன் அழகுக்கு வெச்சிருக்கறான்னு நெனச்சுக்கிட்டீங்களாக்கும். டேங்கைக் கழுத்து வரைக்கும் நெறைங்க, மீட்டரை எழுதுங்க. ஓட்டி முடிச்சதும் மறுபடி கழுத்து வரைக்கும் ஊத்துங்க. ஊத்துன லிட்டரை மணியால வகுத்தா வண்டி எத்தனை குடிக்குதுன்னு தெரிஞ்சுரும். ரோட்டவேட்டருக்கு ஒரு கணக்கு வரும், டிரெய்லருக்கு ஒரு கணக்கு வரும். ரெண்டையும் எழுதி வெச்சுட்டா, ஒரு நாளைக்கு வண்டி எச்சாக் குடிச்சுச்சுன்னா, குடிச்சது வண்டியா வேற ஆளான்னு நீங்களே கேக்கலாம். கணக்கு இல்லாம டிரைவர் பையனைச் சந்தேகப்பட்டா அது பாவமுங்க. அவன் எடுக்காம இருந்தா அந்தக் கணக்குதான் அவனுக்கும் சாட்சி.

டிரம்மு வெக்க லைசென்சு வேணுமான்னு பயந்துட்டிருந்தீங்க. 1934ல போட்ட பெட்ரோலியம் சட்டப்படி டீசலு மொத்தம் 2,500 லிட்டர் வரைக்கும், ஒரு பாத்திரத்துல 1,000 லிட்டருக்கு மேல போகாம வெச்சுக்கிட்டா லைசென்சு வேண்டியதில்லை. பெட்ரோலுக்குத்தான் 30 லிட்டரோட நிறுத்திட்டான். ஆனா கட்டுத்தரைக்கும் வைக்கப் போருக்கும் நடுவுல டிரம்மை வெக்கச் சொல்லி எந்தச் சட்டமும் சொல்லலைங்க. அதை அக்கட்டால தள்ளுங்க.

இன்னொண்ணு, இது கேலி இல்லை. ராத்திரி சத்தம் கேட்டாத் தடியத் தூக்கிட்டு ஒத்தையில ஓடாதீங்க. லைட்டைப் போடுங்க, உள்ள இருந்தே சத்தம் குடுங்க, பக்கத்துத் தோட்டத்துக்காரங்களுக்கும் 100க்கும் போன் போடுங்க. டீசலு மறுபடி வாங்கிக்கலாம். மாப்ளைக்கு நான் எங்க போறது?

கடைசியா சட்டம். லிட்டருக்கு 90 ரூபாய்னு வெச்சாலும் போனது 2,520 ரூபாய். 2024 ஜூலையில வந்த புதுச் சட்டத்துல, 303ஆவது பிரிவுப்படி திருட்டுக்கு மூணு வருசம் வரைக்கும் ஜெயிலு. 5,000 ரூபாய்க்குக் கம்மியா, மொதத் தடவை மாட்டுனவன், எடுத்ததைத் திருப்பிக் குடுத்துட்டான்னா சமூக சேவையோட விட்டுருவாங்க. சம்பளத்துக்கு இருக்கறவனே மொதலாளி சொத்தை எடுத்தான்னா 306, ஏழு வருசம் வரைக்கும். திருட்டுச் சாமான்னு தெரிஞ்சே வாங்குனவனுக்கு 317. அதுவும் மூணு வருசம் வரைக்கும். அவனுக்குச் சமூக சேவைங்கற சலுகை கெடையாது.

ஏனுங்க மாப்ள, மொகம் வேர்க்குது? போன தையில பைபாஸ் ரோட்டோரம் லாரிக்காரன்கிட்ட லிட்டர் 50 ரூபாய்னு ரெண்டு கேனு வாங்குனது நெனப்புக்கு வந்துருச்சா? "பாதி வெலைக்குப் புடிச்சுட்டன் மாமா"ன்னு அதையும் அந்த பெஞ்சுலதான சொன்னீங்க. கேனைத் தூக்கி வண்டியில வெச்சது யாரு? உங்க டிரைவர் பையன். டீசலை எப்படி எடுக்கறது, எங்க விக்கறது, எவன் கேள்வி கேக்காம வாங்குவான்னு அவனுக்குப் பாடம் நடத்துனது நீங்கதானுங்க. எடுத்தது அவனா, அந்த பெஞ்சுல இருந்த வேறொருத்தனா, எனக்குத் தெரியாது. எடுத்தவன் அதை எங்கயோ ஒரு மாப்ளைக்குப் பாதி வெலைக்கு ஊத்தியிருப்பான்னு மட்டும் தெரியும்.

அந்த லாரி மொதலாளியும் எங்கயோ ஒரு ஊருல கயித்துக் கட்டல்ல உக்காந்து, "டீசலு ஆவியாப் போச்சாமுங்க"ன்னு அவரு மாமன்கிட்டச் சொல்லிட்டிருந்திருப்பாரு.

நாளைக்கு வெடியால ஆறு மணிக்குக் குச்சியோட வர்றனுங்க. நீங்க நோட்டோட நில்லுங்க. வடக்காலத் தோட்டத்துக்காரருகிட்ட அந்த 10 லிட்டரைக் கேட்டு வாங்குங்க. இனி எவனாச்சும் பாதி வெலைக்கு டீசலு கொண்டாந்தா, கேனை மட்டும் நீட்டாதீங்க.