நீதிபதிகளை வழிக்குக் கொண்டுவருவது எப்படி? புதிய பிரிட்டிஷ் பிரதமருக்குச் சில யோசனைகள்

பிரதமர் அவர்களே, டவுனிங் தெரு 10-ஆம் எண் வீட்டுக்குக் குடிவந்தாயிற்று. மக்கள் சபையில் பெரும்பான்மை உங்களுடையது, அமைச்சர்கள் நீங்கள் பொறுக்கியெடுத்தவர்கள். அதிகாரம் மூன்றாகப் பிரிந்து கிடப்பதைப் பார்க்க வேண்டுமானால் இங்கிலாந்தைப் பாருங்கள் என்று 1748-இல் பிரெஞ்சுக்காரர் மான்டெஸ்கியூ எழுதினார். உங்களைப் பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டார். சட்டம் போடும் சபையிலேயே உட்கார்ந்துகொண்டு ஆட்சியையும் நடத்துகிறீர்கள். பிரிந்து நிற்பது ஒன்றே ஒன்றுதான்: நாடாளுமன்றச் சதுக்கத்துக்கு அந்தப் பக்கம், மிடில்செக்ஸ் கில்டுஹால் கட்டடத்தில் இருக்கும் உச்ச நீதிமன்றமும் அதன் 12 நீதிபதிகளும். இவர்கள் என்றாவது ஒருநாள் உங்கள் குறுக்கே வருவார்கள். இப்போதே தயாராகிவிடுவது நல்லது.

நேரில் போய் வாதாடுவது மட்டும் வேண்டாம். 1607-இல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் அதைச் செய்து பார்த்தார். சட்டம் பகுத்தறிவில் நிற்கிறது என்கிறீர்கள், அது எனக்கும் இருக்கிறதே, வழக்கை நானே தீர்த்தால் என்ன என்று கேட்டார். ஆண்டவன் தங்களுக்கு அபாரமான அறிவைக் கொடுத்திருக்கிறான், ஆனால் வழக்கைத் தீர்க்கப் பிறவி அறிவு போதாது, பல காலம் படித்துப் பழகிய சட்ட அறிவு வேண்டும் என்றார் தலைமை நீதிபதி எட்வர்ட் கோக். இது கோக் தம் கையாலேயே எழுதிவைத்த கதை. மன்னருக்குக் கோபம் தலைக்கேறியதும் கோக் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்டார் என்று அந்தக் காலத்துக் கடிதம் ஒன்று சொல்கிறது. எனக்கென்னவோ இரண்டுமே நடந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

1616-இல் ஜேம்ஸ் கோக்கை வீட்டுக்கு அனுப்பினார். அந்தச் சௌகரியம் உங்களுக்கு இல்லை. உயர் நீதிபதி ஒழுங்காக நடந்துகொள்ளும்வரை அவர் பதவியில் யாரும் கைவைக்க முடியாது, நீக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் இரு சபைகளும் சேர்ந்து கேட்க வேண்டும் என்று 1701-ஆம் ஆண்டுச் சட்டம் முடிச்சுப் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு இப்படிப் பதவி இழந்தவர் ஒரே ஒருவர்: அயர்லாந்தின் கடல்வழக்கு நீதிபதி ஜோனா பாரிங்டன், 1830-இல். நீதிமன்றத்துக்கு வந்த பணத்தில் கைவைத்தவர். உங்கள் நீதிபதிகள் அவ்வளவு உதவியாக இருக்க மாட்டார்கள்.

ஆளைத் தொட முடியாவிட்டால் பதவியை ஒழிக்கலாமே என்று தோன்றும். 2003 ஜூனில் பிரதமராக இருந்த டோனி பிளேருக்கும் தோன்றியது. அப்போது லார்ட் சான்சலர் என்பவர் மூன்று வேலை பார்த்தார்: அமைச்சர், பிரபுக்கள் சபைக்குத் தலைவர், நீதித்துறைக்கும் தலைவர். இப்படி ஒரு பதவி இருக்கலாகாது என்பது சரியான யோசனைதான். ஆனால் அதை அமைச்சரவை மாற்றத்தோடு மாற்றமாக, பத்திரிகைச் செய்தியில் ஒழிக்கப் பார்த்தார்கள். அந்தப் பதவியின் பெயர் எத்தனையோ சட்டங்களில் ஏறியிருப்பது அறிவித்த பிறகுதான் உறைத்தது. ஒழிக்க வந்த புதிய லார்ட் சான்சலர் சார்லஸ் ஃபால்கனரே விக்கை மாட்டிக்கொண்டு, பிரபுக்கள் சபையில் கம்பளி அடைத்த அந்தச் சிவப்பு ஆசனத்தில் போய் உட்கார வேண்டியதாயிற்று. முறையாகச் சட்டம் வந்தது 2005-இல்; தனி உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்தது 2009 அக்டோபரில். லார்ட் சான்சலர் பதவி இன்றும் இருக்கிறது. நீதிபதிகளின் சுதந்திரத்தைக் காப்பேன் என்று சத்தியம் செய்வதும் இப்போது அந்தப் பதவியின் வேலை.

அந்தச் சத்தியத்தை வைத்தும் காரியம் சாதிக்கலாம்; காக்கவேண்டிய நேரத்தில் காணாமல் போனால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் நோட்டீஸை நாடாளுமன்றத்தைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது என்று 2016 நவம்பரில் மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். மறுநாள் டெய்லி மெயில் முதல் பக்கத்தில் மூவர் படத்தையும் போட்டு மக்களின் எதிரிகள் என்று தலைப்பிட்டது. லார்ட் சான்சலர் லிஸ் டிரஸ் அதற்கடுத்த நாள் வாய் திறந்தார்; நீதித்துறையின் சுதந்திரத்தைப் பொதுவாகப் போற்றிவிட்டு, பத்திரிகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம் பதவிக்காலத்தில் போலீஸிடம் பாதுகாப்பு கேட்கவேண்டி வந்தது அப்போதுதான் என்று தலைமை நீதிபதி தாமஸ் பின்னர் பிரபுக்கள் சபைக் குழுவிடம் சொன்னார். சிக்கனமான முறை. ஆனாலும் தீர்ப்பு மாறவில்லை. உச்ச நீதிமன்றம் 8-க்கு 3 என்று அதையே சொன்னது.

நாடாளுமன்றத்துக்கே பூட்டுப் போடும் யோசனை இருந்தால் மறந்துவிடுங்கள். 2019-இல் போரிஸ் ஜான்சன் ஐந்து வாரத்துக்குப் பூட்டினார். வழக்கை விசாரித்த 11 உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் ஒரே குரலில், அந்த ஆணை வெற்றுக் காகிதத்துக்குச் சமம், சபை ஒத்திவைக்கப்படவே இல்லை என்றார்கள்.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். பாம்பும் சாகவேண்டும், தடியும் உடையக்கூடாது என்றால் சட்டம் போடுங்கள். நாடாளுமன்றம் போட்ட சட்டத்தைச் செல்லாது என்று தள்ளும் அதிகாரம் பிரிட்டிஷ் நீதிமன்றத்துக்குக் கிடையாது. வாஷிங்டனிலும் டெல்லியிலும் உண்டு, லண்டனில் இல்லை. 1942-இல் ஜப்பானியர் நெருங்கியபோது ரங்கூனில் பிரிட்டிஷ் தரப்பே அழித்த எண்ணெய்க் கிடங்குகளுக்காக பர்மா ஆயில் கம்பெனி நஷ்டஈடு கேட்டது. கொடுக்கத்தான் வேண்டும் என்று 1964-இல் தீர்ப்பு வந்தது. 1965-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, பழைய தேதிக்கும் சேர்த்து அந்த உரிமையையே துடைத்துவிட்டது.

ரிஷி சுனக் இன்னும் ஒரு படி மேலே போனார். புகலிடம் கேட்டு வந்தவர்களை அரசின் திட்டப்படி ருவாண்டாவுக்கு அனுப்பினால், அங்கிருந்து ஆபத்தான சொந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்படலாம், ஆகவே அது பாதுகாப்பான இடமல்ல என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சியங்களைப் பார்த்து முடிவு செய்தது. 2024 ஏப்ரலில், ருவாண்டா பாதுகாப்பான நாடு, நீதிமன்றங்களும் அப்படியே கொள்ளவேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நீதிபதிகளுக்குப் பதில் சொல்ல இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

பலனையும் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் சுனக் தேர்தலில் தோற்றார். கட்டாயப்படுத்தி ஒருவரைக்கூட ருவாண்டாவுக்கு அனுப்ப முடியவில்லை. தாமாக விரும்பிப் போனவர்கள் நான்கு பேர். அடுத்து வந்த உள்துறை அமைச்சர் சபையில் சொன்ன கணக்குப்படி, திட்டத்துக்கு ஆன செலவு 70 கோடி பவுண்டு.