மெஷினோடு குடித்தனம் நடத்துவது எப்படி?

தாராபுரத்துக்கு மாற்றலாகி வரும் வங்கி ஊழியர் முதலில் பழக வேண்டியது முகபாவம். "ஏஐ வந்துட்டா உங்க வேலை போயிருமாமுங்களே?" என்று கவுன்டருக்கு வெளியே யாராவது அனுதாபமாகக் கேட்பார். பதறாதீர்கள். அவருடைய பாஸ்புக்கை வாங்கி, பிரின்டிங் மெஷின் வரை கூட்டிப்போய், அது துப்பியதும் திருப்பி நுழைத்து, வரிமேல் வரி விழுந்ததும் வருத்தம் தெரிவித்து அனுப்புங்கள். வேலை எங்கும் போகவில்லை என்பது அவருக்கே விளங்கிவிடும்.

கொஞ்சம் வரலாறும் கைவசம் இருக்கட்டும். ஓய்வுபெற்ற சங்கத் தோழர் டீக்கடையில் பிடித்துக்கொண்டால் உதவும். 1983 செப்டம்பரில் இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் ஒப்பந்தம் போட்ட பிறகே கிளைகளில் மெஷின் பரவலாக நுழைந்தது. லெட்ஜர் மெஷினில் உட்கார்ந்தவருக்குத் தனி அலவன்ஸ். ஏஐ-க்கு அலவன்ஸ் இல்லை, 'கட்டாயப் பயிற்சி' என்று ஒரு லிங்க் வரும். அதை ஓடவிட்டுவிட்டு நகைக்கடன் பாருங்கள். கடைசிக் கேள்விகளுக்கு விடை கிளை வாட்ஸப் குழுவில் இருக்கும்.

நகைக்கடன்தான் உங்கள் கோட்டை. அமராவதி வாய்க்காலில் தண்ணீர் விட்டாலும், பள்ளிக்கூடம் திறந்தாலும், பனியன் கம்பெனியில் ஆர்டர் படுத்தாலும் சங்கிலி கவுன்டருக்கு வந்துவிடும். அப்ரைசர் உரைகல்லில் கோடு இழுத்து, ஆசிட் சொட்டு விட்டுக் கண்ணைச் சுருக்குவார். கிராமுக்கு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். ஆனால் கொடியிலிருந்து தாலியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்ள அடகு வைக்க வந்த பெண்ணுக்குக் கொஞ்சம் மறைவு வேண்டும் என்பது எந்த ஸ்கிரீனிலும் வராது. "அம்மிணி, அந்த ரூம்ல உக்காந்து மாத்திக்குங்க" என்று சொல்ல ஆள் வேண்டும். இதை வட்டார அலுவலகத்தில் உளறிவிடாதீர்கள், இதற்கும் டார்கெட் வைத்துவிடுவார்கள்.

ரோபோவைக் கண்டு மிரளவும் வேண்டாம். சிட்டி யூனியன் வங்கி சென்னையில் 'லட்சுமி' ரோபோவை அறிமுகப்படுத்தியது 2016 நவம்பரில். 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனதும் அதே மாதம்தான். நள்ளிரவு வரை நோட்டு எண்ணியவர்கள் கேஷியர்கள். லட்சுமி அதில் கை வைத்ததாகத் தகவல் இல்லை.

மொழி விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. மோசடிப் பணத்தைக் கைமாற்றும் கணக்குகளைப் பிடிக்க ரிசர்வ் வங்கித் தரப்பிலேயே 'மியூல்ஹன்டர்' என்ற ஏஐ கருவி வந்திருக்கிறது. தேவையான காரியம்தான். ஆனால் எந்த சிஸ்டமும் ஒருநாள் தப்பான ஆளைச் சந்தேகப்படும். அன்று சம்பளக் கணக்கு முடங்கிய, ஒடிசாவிலிருந்து வந்த நூல் மில் தொழிலாளி மெஷினிடம் போய் நிற்க மாட்டார், உங்கள் முன்னால்தான் நிற்பார். கேள்வி ஒன்றுதான்: ஏன்? காரணம் மெஷினுக்கு மட்டும் தெரியும், பதில் சொல்வது உங்கள் பொறுப்பு. "மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம், திங்கட்கிழமை வாங்க" என்பதை ஒடியாவில் எப்படிச் சொல்வது என்று இப்போதே யாரிடமாவது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.