அந்த எலி எங்கே போனது?

உலகத்திலேயே அதிக அடி வாங்கிய எலி எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் ராட்டாட்டா என்று சொல்லிவிடலாம். ஊதா நிறம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முன்பற்கள், சுருண்ட வால். 1996 பிப்ரவரியில் ஜப்பானில் கேம் பாய் கருவிக்குப் போக்கிமான் விளையாட்டு வந்த நாள் முதல், பிள்ளைகள் வீட்டை விட்டுக் கிளம்பியதும் செய்கிற முதல் வேலையே இதை அடிப்பதுதான். பேராசிரியர் கொடுத்த குட்டிப் பிராணியோடு ஊர் எல்லையில் புல்லில் கால் வைத்தால் அது எதிரே வந்து நிற்கும். நாலு கீறல். ‘காட்டு ராட்டாட்டா மயங்கிவிட்டது’ என்று ஒரு வரி ஓடும். எலியின் படம் அப்படியே கீழே இறங்கி மறையும். அடுத்த வரியில் நமக்கு எத்தனை அனுபவப் புள்ளி கிடைத்தது என்ற கணக்கு. எலியைப் பற்றி அதன் பிறகு பேச்சே கிடையாது.

நம் சினிமாவில் டாடா சுமோவில் வந்து இறங்கும் அடியாட்களைப் பற்றியும் எனக்கு இதே சந்தேகம் உண்டு. காய்கறி வண்டி மேல் விழுந்தவன், மின்கம்பத்தில் மோதியவன், தலைகீழாகப் பானைக்குள் போனவன் என்று பத்துப் பதினைந்து பேர் கிடப்பார்கள். கதாநாயகன் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடந்தால் அடுத்த காட்சி பாட்டு. கிடந்தவர்களை யார் தூக்கினார்கள், எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், கட்டுப்போட்ட செலவை வில்லன் கொடுத்தாரா என்று எந்த இயக்குநரும் சொன்னதில்லை. ஆனால் அடியாள் கூலிக்கு வந்தவன், வேண்டாமென்றால் வராமல் இருந்திருக்கலாம். எலி அப்படியா? அது பாட்டுக்குத் தன் புல்லில் இருந்தது. அங்கே போனது நாம்.

அக்கா மகளிடம் இந்தச் சந்தேகத்தை எழுப்பினேன். அவள் இந்த விஷயத்தில் எனக்குக் குரு. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள்.

“அது சும்மா மயக்கம்தான் மாமா. கொஞ்ச நேரத்துல எழுந்து போயிடும்.”

“எங்க போகும்?”

“புல்லுக்குள்ள.”

“யாரு மருந்து போடுவாங்க?”

“அய்யோ மாமா, அது காட்டு மிருகம். அதுவா சரியாயிடும்.”

இதைச் சொல்லிவிட்டுத் தன்னுடைய பிராணிக்கு ஒரு சிராய்ப்பு என்று ஆஸ்பத்திரிக்குத் திரும்பி ஓடினாள்.

அந்த ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போக்கிமான் உலகத்தில் ஊருக்கு ஊர் ‘போக்கிமான் சென்டர்’ உண்டு. டோக்கன் கிடையாது, கட்டணம் கிடையாது. பிராணிகளைப் பிடித்து அடைத்துவைத்திருக்கும் பந்துகளைத் தட்டில் வைத்தால் ஓர் இசை வரும், அது முடிவதற்குள் நம்மோடு வரும் ஆறு உயிர்களும் குணமாகிவிடும். எந்த அரசாங்கமும் இன்னும் எட்டிப் பிடிக்காத பொதுச் சுகாதாரம். ஒரே ஒரு நிபந்தனை, நோயாளி பந்துக்குள் இருக்க வேண்டும். பந்து என்பது அங்கே காப்பீட்டு அட்டை. சாலையோரம் மயங்கிக் கிடக்கிற எலியைக் கையில் தூக்கிக்கொண்டு போய் ‘சிஸ்டர், கொஞ்சம் பாருங்க’ என்று சொல்ல விளையாட்டில் எந்தப் பொத்தானும் இல்லை. பிடித்துத் தொலைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. உயிர்ப்புள்ளி பூஜ்யமாகிவிட்டால் அதன் மேல் பந்து எறிய முடியாது. நன்றாக அடிக்க வேண்டும், கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். இதற்கென்றே ஓர் அடி இருக்கிறது, ‘ஃபால்ஸ் ஸ்வைப்’ என்று பெயர். எவ்வளவு பலமாக அடித்தாலும் எதிரிக்கு ஒரே ஒரு புள்ளியையாவது விட்டுவைக்கும். எங்கள் பள்ளியில் பிரம்பு வைத்திருந்த ஒரு வாத்தியாருக்கு அந்தக் கலை கைவந்திருந்தது.

இந்த மயக்க ஏற்பாட்டுக்குக் காரணமானவர் இதைப் படைத்த சதோஷி தஜிரி. டோக்கியோவுக்கு வெளியே மச்சிதாவில் வளர்ந்தவர், சின்ன வயதில் பூச்சி பிடிப்பதில் பைத்தியம். ஊர் வளர வளர வண்டுகள் இருந்த மரங்கள் போயின. மீன்பிடித்த குளம் இருந்த இடத்தில் வீடியோ கேம் கடை வந்தது. கடைக்குள் போன பையன், குளத்தில் விட்டதைத் திரையில் பிடித்தான். 1999-இல் டைம் பத்திரிகைக்கு அளித்த பேட்டியில், தன் விளையாட்டில் பிராணிகள் சாகாமல் மயங்குமாறு கவனமாக வைத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். சாவு என்பது குழந்தைகள் மரியாதையோடு அணுக வேண்டிய விஷயம், பொத்தானைத் தட்டித் தட்டி வரவழைப்பதில்லை என்பது அவர் கட்சி. நல்ல மனசு. நான் குறுக்கே பேச மாட்டேன்.

ஆனால் அதே விளையாட்டில் லாவெண்டர் டவுன் என்று ஓர் ஊர் வருகிறது. அங்கே ஏழு மாடிக் கோபுரம். மாடிக்கு மாடி போக்கிமான் சமாதிகள். வளர்த்தவர்கள் வந்து கண்ணீர் விடுகிறார்கள். குற்றக் கும்பல் கொன்றுபோட்ட ஒரு தாய்ப் போக்கிமானின் ஆவி படிக்கட்டை மறித்து நிற்கிறது. அதையும் நாம் சண்டை போட்டுத்தான் சாந்தப்படுத்த வேண்டும். ஆக, இந்த உலகத்தில் சாவு உண்டு. கல்லறை உண்டு. அழ ஆள் இருந்தால் இடம் கிடைக்கும். (அடுத்த விளையாட்டில் போய்ப் பார்த்தால் அந்தக் கோபுரம் வானொலி நிலையமாகிவிட்டது. சமாதிகளை ஒரு சின்ன வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். நில மதிப்பு எந்த உலகத்திலும் ஏறத்தான் செய்கிறது போலிருக்கிறது.)

முதல் தலைமுறையில் இருந்தவை 151 வகைப் பிராணிகள். அவற்றில், காட்டில் அடிபட்ட பிறகு எங்கே போயிற்று என்று விளையாட்டே வாய் திறந்து சொல்வது, எனக்குத் தெரிந்து, ஒன்றைப் பற்றித்தான். அது ஸ்நோர்லாக்ஸ். 460 கிலோ எடை. நடுச்சாலையில் மல்லாந்து தூங்கும். அதைத் தாண்டிப் போக முடியாது. ஒரு புல்லாங்குழலைத் தேடி எடுத்து வந்து ஊதினால் எழும், தூக்கம் கலைந்த கோபத்தில் சண்டைக்கு வரும். பிடிக்காமல் அடித்து வீழ்த்திவிட்டால் ஓர் அறிவிப்பு: அது சாந்தமாகிவிட்டது, பெரிதாகக் கொட்டாவி விட்டு மலைக்குத் திரும்பிப் போய்விட்டது.

இந்த ஓர் அறிவிப்புக்காக நான் அந்த விளையாட்டின் பல பாவங்களை மன்னித்திருக்கிறேன். பாருங்கள், அதற்கு வீடு இருக்கிறது, மலையில். மனநிலை இருக்கிறது. அடி வாங்கியதில் பெரிய வருத்தம் இருப்பதாகவும் தெரியவில்லை, மிச்சத் தூக்கத்தை எங்கே போடுவது என்பதுதான் கவலை. 160-க்கு 144 புள்ளிகள் கொண்ட, நாலே நாலு சாம்பல் நிறம் காட்டுகிற குட்டித் திரையில், இரண்டு வரியில் ஓர் உயிருக்கு முழு முகவரி கொடுத்துவிட்டார்கள். எலிக்கும் இரண்டு வரி எழுதியிருக்கலாம். எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. ஸ்நோர்லாக்ஸ் சாலையை மறித்தது, அது நகர்ந்துவிட்டது என்று நமக்குத் தெரிய வேண்டியிருந்தது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்தால் அறிவிப்பு வரும், ஓரமாகக் கிடந்தால் வராது.

எலிகள் ஓரமாகக் கிடக்க, நாம் அவற்றை வைத்துச் செய்கிற வியாபாரம் பெரிது. 2002-இல் வந்த ரூபி, சஃபையர் பதிப்புகளிலிருந்து ஒரு மறைமுகக் கணக்கு உண்டு. எந்தப் பிராணியை வீழ்த்துகிறோமோ அதன் குணத்துக்கு ஏற்ற புள்ளி நம் பிராணிக்குச் சேரும். ஒரு பிராணி மொத்தம் 510 புள்ளி வரை வாங்கிக்கொள்ளும். ஸூபாட் என்ற வௌவாலை வீழ்த்தினால் வேகத்துக்கு ஒரு புள்ளி. நூறாவது லெவலில் நாலு புள்ளி சேர்ந்தால்தான் வேகம் ஒன்று கூடும். வேகத்தை உச்சத்துக்குக் கொண்டுபோக 252 புள்ளி வேண்டும். மருந்து மாத்திரை எதுவும் கொடுக்காமல் போனால் 252 வௌவால். அக்கா மகள் இதற்கு நோட்டுப் போட்டு நாலு கோடு நின்றபடியும் ஒரு கோடு குறுக்கேயுமாகக் கணக்கு வைத்திருக்கிறாள். கணக்குப் பாடத்தில் அவள் இத்தனை ஒழுங்கு இல்லை என்று அக்கா சொல்கிறாள். நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது. மயங்கியவற்றின் விவரம் உலகில் எங்கேயாவது பதிவாகியிருக்கிறது என்றால் அந்த நோட்டில்தான்.

வௌவாலை விடுங்கள், ஆடினோ கதை அதைவிட மோசம். 2010-இல் வந்த பிளாக், ஒயிட் பதிப்புகளில் புல் சலசலவென்று தனியாக ஆடும். அங்கே போனால் பெரும்பாலும் ஆடினோ நிற்கும். ரோஜா நிறம், சாதுவான முகம், காதில் தொங்கும் மெல்லிய உணர்விழைகள். அவற்றால் தொட்டு, இதயத் துடிப்பைக் கேட்டு, எதிரே நிற்பவர் மனநிலையை அறிந்துகொள்ளும் என்று போக்கிமான் கையேடே சொல்கிறது. தொலைக்காட்சித் தொடரில் அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் செவிலிக்கு உதவியாளே ஆடினோதான். அதை அடித்தால் கிடைக்கிற அனுபவத்துக்கு அடிப்படை எண் 390. ஒரு சாது நர்ஸுக்கு இது மிக அதிகம். விளைவு, உலகம் முழுக்க விளையாடியவர்கள் புல் அசைந்தால் ஓடிப் போய் நர்ஸம்மாவை அடித்தார்கள். நம் இதயத் துடிப்பைக் கேட்டு, நாம் எதற்கு வந்திருக்கிறோம் என்று அதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்பதை நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது.

அதே பிளாக், ஒயிட் விளையாட்டில், ‘என்’ என்ற பெயருள்ள பச்சை முடி இளைஞன் வந்து ‘பிராணிகளை விடுதலை செய்’ என்று நம்மிடம் வாதாடுகிறான். அவன் பேச்சும் பந்துக்குள் இருப்பவற்றைப் பற்றியதுதான். 2012-இல் பீட்டா அமைப்பு போக்கிமானைக் கிண்டல் செய்து ஒரு விளையாட்டையே வெளியிட்டது. அங்கேயும் பிராணிகள் கோபப்படுவது தங்களை வளர்ப்பவர்கள் மேல். புல்லில் கிடப்பவற்றுக்குப் புரட்சிக்காரர்களும் இல்லை.

மற்ற விளையாட்டுகள் இந்தக் கேள்வியைத் தொடவே இல்லை என்று சொல்ல முடியாது. 1987-இல் தொடங்கிய மெகாமி டென்செய் வரிசையில் பேயோடு பேரம் பேசலாம். காசு கேட்கும், பொருள் கேட்கும், சில சமயம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விடும். அந்த விளையாட்டின் பேய்களுக்கு உலக அனுபவம் அதிகம். போக்கிமானுக்கு நாலு வருஷம் முன்பே, 1992-இல் வந்த டிராகன் குவெஸ்ட் ஐந்தாம் பாகம் செய்ததுதான் விசித்திரம். அடித்து வீழ்த்திய பூதங்களில் எப்போதாவது ஒன்று எழுந்து உட்கார்ந்து, உன்னோடு வரட்டுமா என்ற பாவனையில் நம்மைப் பார்க்கும். நாம் வேண்டாம் என்றால் வருத்தத்தோடு போய்விடும். அந்த ஒரு பார்வை போதும், அடுத்த சண்டையில் கை தயங்கும். அடிபட்டது கண் திறந்து பார்க்கும் என்று தெரிந்த பிறகு 252 வரை எண்ண முடியாது.

2015-இல் வந்த அண்டர்டேல் எண்ணவும் விடும். ஒவ்வொன்றாகத் தேடித் தேடிக் கொன்றால் அவை தூசியாகும். ஓர் இடத்தில் இருந்தவை தீர்ந்த பின் சண்டைக்கான இசை தொடங்கும், எதிரே யாரும் வர மாட்டார்கள். காட்டு உயிர்கள் ஊற்றுத் தண்ணீர் போல வந்துகொண்டே இருக்கும் என்ற போக்கிமான் நம்பிக்கைக்கு இவ்வளவு கறாரான பதிலை நான் பார்த்ததில்லை.

2024 ஜனவரியில் வந்த பால்வேர்ல்டோ எதிர்ப்பக்கம் போனது. அதில் அடிபட்டது மறையாது, கண்ணெதிரே தொப்பென்று விழுந்து கிடக்கும். பந்து மாதிரி உருண்டு திரியும் ஒரு செம்மறி ஆட்டிலிருந்து கம்பளியும் கறியும் கிடைக்கும். நாமே வளர்த்ததை வெட்டுவதற்குக் கசாப்புக் கத்தியும் உண்டு. வெட்டும்போது மட்டும் படத்தைக் கட்டம் கட்டமாகக் கலக்கி மறைத்துவிடுகிறார்கள். நான் கொஞ்சம் அதிர்ந்துபோய் அக்காவிடம் காட்டினேன். “இதுல என்ன இருக்கு? ஞாயித்துக்கிழமை நீ வாங்கிட்டு வர்றது எங்கேயிருந்து வருதுன்னு நெனச்சே?” என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

போக்கிமான்காரர்களும் இப்போது மாறிவிட்டார்கள். 2022-இல் வந்த ஸ்கார்லெட், வயலட் பதிப்புகளில் நாம் சண்டையைப் பார்க்கவே வேண்டியதில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் நம் பிராணி தானாகப் போய் அடித்துவிட்டு வரும். ஒரே இனம் கூட்டமாக வந்திருக்கும் இடத்தில் முப்பதை அடித்தால் அபூர்வ நிறத்தில் ஒன்று கிடைக்கும் வாய்ப்புக் கூடும், அறுபதை அடித்தால் இன்னும் கூடும். அடிபட்டது போகும்போது எதையாவது உதிர்த்துவிட்டுப் போகும். லெச்சாங்க் என்ற பன்றிக்குட்டியிடம் முடி கிடைக்கும். அந்த முடியை ஓர் இயந்திரத்தில் போட்டால் நம் பிராணிக்குப் புதுப் புது அடிகள் கற்றுக்கொடுக்கலாம். இயந்திரம் இருக்கும் இடம், போக்கிமான் சென்டர். ஆக, பன்றிக்குட்டியின் முடிக்கு ஆஸ்பத்திரி வாசலில் மரியாதை உண்டு, பன்றிக்குட்டிக்கு இல்லை.

அதே 2022-இல் வந்த லெஜெண்ட்ஸ்: ஆர்சியஸில் பேராசிரியர் ஒருவர், போக்கிமான்களுக்கு உடம்பைச் சுருக்கிக்கொள்ளும் இயல்பு உண்டு, பந்து அதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது என்று விளக்குகிறார். ரசிகர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, மயங்குகிற காட்டு உயிர் சுருங்கிப் புல்லிடுக்கில் ஒளிந்துகொள்கிறது என்கிறார்கள். அக்கா மகள் இந்தக் கட்சிதான். எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. சுருங்கினாலும் வலி வலிதானே, மருந்துக்கு என்ன செய்யும்?

இதற்கு விடை பழைய விளையாட்டிலேயே இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். முதல் பதிப்பில் மவுண்ட் மூன் குகைக்குள் போய், அடி மேல் அடி வாங்கி, நம் கையில் இருக்கும் எல்லாமே மயங்கிவிட்டால் நமக்கும் கண் இருட்டிவிடும். விழிக்கும்போது கடைசியாகப் போன ஆஸ்பத்திரியின் வாசலில் இருப்போம். பையில் பார்த்தால் பாதிப் பணம் காணாது. ஆஸ்பத்திரி இலவசம், அவர்கள் எடுத்திருக்க முடியாது. குகையில் அப்போது நம்மோடு இருந்தது ஒரு ஸூபாட் மட்டும்தான். 1996 முதல் எத்தனை ஆயிரம் பிள்ளைகள் அந்தக் குகையில் மயங்கி விழுந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டால், வௌவால்கள் தங்களுக்கென்று தனி ஆஸ்பத்திரி கட்டி, வைப்புநிதியும் போட்டிருக்கும்.

அக்கா மகளிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள்.

“அப்போ நான் அடிச்சா தப்பில்ல, இல்ல மாமா?” என்று கேட்டுவிட்டு நோட்டை எடுத்தாள்.