பல்லக்கில் கட்டிய கேமரா

திருவனந்தபுரம் ஆரியசாலையில் மிளகும் சுக்கும் மொத்தமாக விற்கும் ஒரு மாமாவையும், கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் அவருடைய மருமகனையும் கற்பனை செய்வது கஷ்டமல்ல. அந்தத் தெருவில் இரண்டு வகைக்கும் பஞ்சமில்லை. மருமகன் கையில் ஒரு வி.ஆர். ஹெட்செட், மனதில் ஒரு திட்டம். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாக மூன்று தெய்வங்கள் தலைநகருக்கு எழுந்தருள்வது திருவிதாங்கூர் காலத்து வழக்கம். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் கொலுவிருப்பாள். சுசீந்திரத்து முன்னுதித்த நங்கைக்குச் செந்திட்டை. வேளிமலைக் குமாரசுவாமிக்கு ஆரியசாலை. அந்தக் குமாரசுவாமியின் பல்லக்கிலேயே 360 டிகிரி கேமராவைக் கட்டிவிட்டால், துபாயிலும் டெக்சாஸிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் சோபாவில் உட்கார்ந்தபடியே சாமியோடு ஊர்வலம் வரலாம் என்பது திட்டம். பார்த்தவர்களுக்குக் குமட்டுமே என்ற சந்தேகத்தில்தான் பேச்சு தொடங்குகிறது. ஆன்லைன் வியாபாரம் வந்தபிறகு மாமாவுக்குப் படிக்க நிறைய நேரம் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருமகன்: குமட்டல் எல்லாம் ஒரு விஷயமே இல்ல மாமா. முதல்ல கொஞ்சம் தலை சுத்தும், வேர்க்கும், வயிறு புரட்டும். அதைப் பார்த்துப் பயந்து கழட்டி வெச்சவன் கடைசிவரைக்கும் கழட்டி வெச்சவன்தான். பல்லைக் கடிச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்துட்டா ஒரே வாரத்துல பழகிரும். எங்க ஆபீஸ்ல இதுக்குப் பேரே 'வி.ஆர். கால்' முளைக்கிறதுன்னு. உடம்பு பலவீனமானவங்களுக்குக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான். தொழில்நுட்பத்துக்கு நாமதான் நம்மைத் தயார் பண்ணிக்கணும். அது நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது.

மாமா: அப்படின்னா விலை கொடுத்து வாங்கினவன் வாந்தியெடுத்தா, தப்பு வாங்கினவன் மேல. இந்த நியாயத்துல நான் பலசரக்குக் கடை நடத்தியிருந்தா எப்பவோ மாளிகை கட்டியிருப்பேன். முதல்ல அது ஏன் குமட்டுதுன்னு பாரு. காதுக்குள்ள மூணு அரைவட்டக் குழாயும், அதுக்குப் பக்கத்துல சின்னச் சின்னச் சுண்ணாம்புத் துகள் ஒட்டின ரெண்டு பையும் இருக்கு. தலை திரும்புனா குழாய் சொல்லும். உடம்பு முன்னால பின்னால போனாலும் சாஞ்சாலும் பை சொல்லும். உன் ஹெட்செட்டுக்குள்ள கண்ணு 'பல்லக்குல போறேன்'னு எழுதுது. காது 'சோபாவுல இருக்கேன்'னு எழுதுது. பேரேட்டுல ஒரு கணக்கு, குடோன்ல வேற இருப்பு. கணக்குப்பிள்ளை யோக்கியனா இருந்தா அன்னைக்குச் சாயங்காலமே சத்தம் போடுவான். அந்தச் சத்தம்தான் குமட்டல். 1882-லேயே வில்லியம் ஜேம்ஸ் இதை வேற பக்கத்துல இருந்து பார்த்திருக்காரு: காது கேளாதவங்கள்ல நிறைய பேருக்குச் சுழட்டி விட்டாலும் தலை சுத்தல, கப்பல்ல போனவங்க சிலருக்குக் கடல் குமட்டலும் வரல. உள்காது வேலை செய்யாதவனுக்குத்தான் முரண்பாடே தெரியாது. அதனால, உன் பெட்டியைப் போட்டதும் ஓங்கரிச்சவன் பலவீனமானவன் இல்ல மருமகனே, காது சரியா இருக்கிறவன்.

மருமகன்: சரி, முரண்பாடுன்னே வெச்சுக்கலாம். ஆனா அது பழைய மெஷினோட கோளாறு. 2013-ல ஆக்குலஸ் முதல்ல வெளியிட்ட ஹெட்செட்ல நொடிக்கு 60 படம்தான். தலையைத் திருப்பினா தெரியும், ஒரு அடி முன்னால நகர்ந்தா அதுக்குத் தெரியவே தெரியாது. இப்போ 90, 120 வரைக்கும் ஓடுது. நகர்ந்தாலும் குனிஞ்சாலும் கண்டுபிடிக்குது. தலை அசைஞ்சதுக்கும் படம் மாறுறதுக்கும் நடுவுல நொடியில ஐம்பதுல ஒரு பங்குக்குள்ளதான் தாமதம் இருக்கணும்னு கணக்கு வெச்சு, அதையும் எட்டியாச்சு. புதுசா எது வந்தாலும் இந்த ஊர் பயப்படும் மாமா. 1984-ல 'மை டியர் குட்டிச்சாத்தான்' வந்தப்ப அந்தக் கண்ணாடியைப் போட்டா மெட்ராஸ் ஐ ஒட்டிக்கும்னு வதந்தி கிளப்பலையா? கண்ணாடியைச் சுத்தம் பண்ணித்தான் தர்றோம்னு படத்துக்கு முன்னால நடிகர் பிரேம் நசீரை விட்டுச் சொல்ல வைக்க வேண்டியதாச்சு. இந்தியாவோட முதல் 3டி படம் அது. இன்னைக்கு அதைப் பெருமையாச் சொல்றோம்.

மாமா: நல்ல உதாரணம் எடுத்தே, ஆனா அது என் கட்சிக்குச் சாட்சி சொல்லும். அந்தப் படத்துல பிள்ளைகள் சுவரு மேலயும் கூரை மேலயும் நடக்கிற பாட்டு இருக்குல்ல? அறையையே சுழல விட்டு, கேமராவையும் அதோட சேர்த்துச் சுழட்டி எடுத்தது. தியேட்டர்ல யாருக்கும் குடலைப் புரட்டல. ஏன்? திரைக்கு நாலு ஓரம் இருந்துச்சு. ஓரத்துக்கு வெளிய தியேட்டர் சுவரும் முன் சீட்டுக்காரன் தலையும் அசையாம இருந்துச்சு. 1890-கள்ல அமெரிக்காவுல 'பேய் ஊஞ்சல்'னு ஒரு பொருட்காட்சி வித்தை. சனங்களை ஒரு ஊஞ்சல்ல உட்கார வெச்சு, ஊஞ்சலைக் கிட்டத்தட்ட நிறுத்திட்டு, சுத்தி இருக்கிற அறையை மட்டும் ஆட்டி, கடைசியில தலைகீழாச் சுழட்டிருவாங்க. தாங்கதான் தலைகீழாச் சுத்துறோம்னு உட்கார்ந்தவங்க கைப்பிடியைக் கெட்டியாப் பிடிச்சாங்க, பலருக்குக் குமட்டுச்சு. ராபர்ட் வுட்னு ஒரு விஞ்ஞானி 1895-ல அதைப் பத்தி எழுதி வெச்சிருக்காரு. அங்க தாமதமும் இல்ல, நொடிக்கு 60 படம்ங்கிற குறையும் இல்ல. அசல் மரச்சாமான், அசல் சுவர். அப்பவும் குமட்டுச்சு. ஹெட்செட் கம்பெனிங்க சாதிச்சதை நான் குறைச்சுச் சொல்லல. தாமதத்தைக் குறைச்சது, தலையைத் திருப்புற முரண்பாட்டைச் சரியாக்கிருச்சு. பார்க்கிறவன் உட்கார்ந்திருக்கும்போது உலகத்தை நகர்த்துறியே, அந்த முரண்பாட்டை எந்த மெஷினும் சரியாக்க முடியாது. அது மெஷின்ல இல்ல, நீ கேமராவைக் கட்டின இடத்துல இருக்கு.

அதுலயும் பல்லக்கைப் பார்த்துப் பிடிச்சே பாரு! காதுக்கு ஒரே வேகத்துல நேராப் போறது தெரியாது. வேகம் கூடுறது, குறையுறது, திரும்புறதுதான் தெரியும். பல்லக்கு வழியெல்லாம் நின்னு பூஜை வாங்கிட்டுப் போறது. நிக்கும், கிளம்பும், தோள் மாத்தும், சாயும், சந்து திரும்பும். காது எதையெல்லாம் கண்டுபிடிக்குமோ அதை மட்டும் தேர்ந்தெடுத்துப் படம்பிடிக்கிற மாதிரி இருக்கு உன் திட்டம்.

மருமகன்: அப்போ விண்வெளிக்குப் போறவங்க என்ன பண்றாங்க? அவங்களுக்கும் முதல் ரெண்டு மூணு நாள் இதே கதிதான். பாதிக்கு மேலானவங்களுக்குக் குமட்டுதுன்னு நாசாவே சொல்லுது. 1985-ல டிஸ்கவரியில போன அமெரிக்க செனட்டர் ஜேக் கார்னுக்கு அப்படி முடியாமப் போச்சு. அதுக்கப்புறம் குமட்டலை அளக்க 'ஒரு கார்ன்'னு வேடிக்கையா ஒரு அளவையே வெச்சுட்டாங்க. ஆனாலும் எல்லாரும் பழகி வேலை பார்க்குறாங்களே! நம்ம தும்பாவுல, 2024 பிப்ரவரி 27-ஆம் தேதி, ககன்யான் வீரர்கள் நாலு பேரை மேடையேத்தினாங்க. அதுல பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர் பாலக்காட்டுக்காரர். அவங்க எல்லாம் சோபாவுல உட்கார்ந்து யோசிச்சவங்க இல்ல. உடம்பு பழகும் மாமா. பழகும்ங்கிறதை மட்டும் நீங்க மறுக்க முடியாது.

மாமா: மறுக்கவே இல்லையே. எப்படிப் பழகும்ங்கிறதுலதான் சண்டை. விண்வெளியில மூளை பழகுறது பல்லைக் கடிச்சதால இல்ல. காது சொல்ற சேதிக்கு அங்க மதிப்பில்லைன்னு மூளை மெதுவாக் கத்துக்குது. அந்த ரெண்டு மூணு நாளும் தலையை வெடுக்குனு திருப்பாம, வேலையைக் குறைச்சுக்கச் சொல்லித்தான் அனுப்புறாங்க. ராகேஷ் சர்மா 1984-ல சல்யூட் விண்வெளி நிலையத்துல யோகாசனம் செஞ்சதுகூட, எடையில்லாத நிலையைச் சமாளிக்க அது உதவுமான்னு பார்க்கிற சோதனைதான். வீரத்தைக் காட்டுறதுக்கு இல்ல. எல்லாரும் பழகுவாங்கன்னும் சொல்லாதே. சார்லஸ் டார்வின் பீகிள் கப்பல்ல ஏறக்குறைய அஞ்சு வருஷம் சுத்தினாரு. 1836-ல ஊர் திரும்புற வரைக்கும் கடல் குமட்டல் அவரை விடல. அஞ்சு வருஷம் பழகாத டார்வினை உன் ஆபீஸ்ல வேலைக்கே எடுக்க மாட்டாங்க போல.

இன்னொண்ணு கேளு. 1957-ல அமெரிக்கக் கடற்படையோட ஹெலிகாப்டர் சிமுலேட்டர்ல குமட்டல் வருதுன்னு முதல்முதலாப் பதிவு பண்ணினப்போ, அதிகமா அவதிப்பட்டது புதுசாக் கத்துக்க வந்தவன் இல்ல. வருஷக்கணக்கா அசல் ஹெலிகாப்டர் ஓட்டின பயிற்றுநர். எப்படி அசையணும்னு அவன் உடம்புக்கு அத்துப்படி. அது அசையலைன்னதும் சண்டை பிடிச்சிருச்சு. 'பலவீனமானவனுக்கு நாளாகும்'ங்கிற உன் பேச்சு அங்கயே அடிபட்டுப் போச்சு. சரி, முறையாப் பழகுறது எப்படி? குமட்டல் தொடங்குறதுக்கு முன்னால நிறுத்துறது. அஞ்சு பத்து நிமிஷம், பிறகு ஓய்வு, அடுத்த நாள் கொஞ்சம் கூட. மூளைக்கு இடைவெளியிலதான் பாடம் ஏறுது. ரெண்டு மணி நேரம் அடம்பிடிச்சு உட்கார்ந்தவனுக்கு வேற பாடம்தான் ஏறும்: அந்தப் பெட்டியோட ரப்பர் வாசனை பட்டாலே வயிறு புரள ஆரம்பிக்கும். ஒரு தடவை சாப்பிட்டு வாந்தியெடுத்த பண்டத்தை வருஷக்கணக்கா வெறுக்கிறது மனுஷ இயல்பு.

மருமகன்: பெண்களுக்கு அதிகமா வருதுன்னு ஆராய்ச்சியே இருக்கே. அத்தைக்கு ரெண்டே நிமிஷத்துல தலை சுத்தும்னு நான் எழுதியே தர்றேன். அதுக்கும் நான்தான் பொறுப்பா?

மாமா: நீ இல்லைன்னா, அளவு எடுக்காம சட்டை தைச்சவன் பொறுப்பு. ரெண்டு கருவிழிக்கும் நடுவுல இருக்கிற தூரம் ஆளுக்கு ஆள் மாறும். பெண்களுக்குச் சராசரியா ரெண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல குறைவு. கே ஸ்டானியும் அவங்க கூட்டாளிகளும் 2020-ல வெளியிட்ட ஆய்வுல, பெண்களுக்குக் கூடுதலாத் தெரிஞ்ச அவதிக்குப் பெரிய காரணமே லென்ஸ் தூரம் அவங்க கண்ணுக்குப் பொருந்தாததுதான்னு வந்துச்சு. பொருந்தினவங்களுக்கு ஆண்கள் அளவுக்குத்தான் குமட்டல். குவெஸ்ட் 2 ஹெட்செட்ல 58, 63, 68 மில்லிமீட்டர்னு மூணே படி; அடுத்து வந்த குவெஸ்ட் 3-ல சக்கரத்தைத் திருகி நடுவுல எங்க வேணாலும் வெக்கலாம். உன் அத்தை தலைக்கு மாட்டுறதுக்கு முன்னால அந்தச் சக்கரத்தைத் தொட்டியா, சொல்லு.

மருமகன்: தொடல. ஆனா மத்த வழியெல்லாம் இருக்கு. பர்டியூ பல்கலைக்கழகத்துல 2015-ல படத்துக்குள்ளேயே ஒரு மூக்கு வரைஞ்சு வெச்சுப் பார்த்தாங்க. அசையாம ஒண்ணு கண்ணுல படும், அதனால குமட்டல் குறையுதாம். நகரும்போது ஓரத்தை இருட்டாக்கலாம். அப்புறம், உங்க கடையிலேயே மூட்டை மூட்டையா சுக்கு இருக்கு. ஹெட்செட்டோட ஒரு பொட்டலம் சுக்கும் சேர்த்து வித்தா நமக்கு ரெண்டு பக்கமும் லாபம்.

மாமா: முகத்துல இருக்கிற மூக்கை மறைச்சுப் பெட்டியைக் கட்டிட்டு, உள்ள பொம்மை மூக்கு வரைஞ்சு தர்றீங்க, சிரிப்பு வந்தாலும் அதுல விஷயம் இருக்கு. அசையாத ஒண்ணு கண்ணுக்கு வேணும்னு இப்பவாவது ஒத்துக்கிட்டே. ஓரத்தை இருட்டாக்குறதும் சரியான வழி. கொலம்பியா பல்கலைக்கழகத்துல 2016-லேயே செஞ்சு காட்டிட்டாங்க, பார்த்தவங்கள்ல பெரும்பாலும் இருட்டுறதைக் கவனிக்கவே இல்ல. சுக்கு விஷயத்துல மட்டும் என்னை விட்டுரு. 1982-ல லான்செட் இதழ்ல, சுழல் நாற்காலியில உட்கார வெச்சுப் பார்த்ததுல சுக்குப்பொடி, குமட்டலுக்குக் கொடுக்கிற மாத்திரையை ஜெயிச்சிருச்சுன்னு வந்துச்சு. அதை ஃப்ரேம் போட்டு மாட்டலாம். ஆனா 1991-ல நாசா உதவியோட நடந்த சோதனையில பலன் இல்லைன்னு வந்ததையும் பக்கத்துலயே மாட்டணும்ல? வேணும்னா மெல்லட்டும், கெடுதல் இல்ல. இதுதான் மருந்துன்னு சொல்லி நான் விக்க மாட்டேன். சரக்கு என்னோடதுங்கிறதுக்காக ஆராய்ச்சியில பாதியை மறைக்கிற பழக்கம் நம்ம சாலைக் கடைத்தெருவுக்கு இன்னும் வரல. உங்க பக்கம் வந்திருச்சான்னு எனக்குத் தெரியாது.

மருமகன்: அப்படின்னா எழுந்தருளிப்பைப் படமெடுக்கவே வேணாமா? கேமராவை எங்கதான் கட்டச் சொல்றீங்க?

மாமா: கட்டாதே, நட்டு வை. ஆரியசாலைக் கோயில் வாசல்ல, உட்கார்ந்த மனுஷன் கண் உயரத்துல, ஒரு முக்காலியில அசையாம நிறுத்து. பல்லக்கு தூரத்துல வரட்டும், கிட்ட வரட்டும், கடந்து போகட்டும். பார்க்கிறவன் உட்கார்ந்தே இருப்பான். கண்ணும் உட்கார்ந்திருக்கேன்னு சொல்லும், காதும் அதையே சொல்லும். தலையைத் திருப்பிப் பின்தொடர்ந்தா, அது அவனே திருப்பின தலை. அவன் திருப்பினதை அவன் காது ஒத்துக்கும். பொன்முடிக்குப் போற 22 கொண்டை ஊசி வளைவுலயும் வண்டி ஓட்டுறவன் தெம்பா இருக்கான், பின் சீட்டுக்காரன்தான் ஜன்னலைத் திறக்கிறான், காரணம் இதேதான். இடம் மாறணும்னா காட்சியை வெட்டி அடுத்த இடத்துல திற: குழித்துறை ஒரு காட்சி, நெய்யாற்றின்கரை ஒண்ணு, விஜயதசமிக்குக் குமாரசுவாமி வெள்ளிக் குதிரையில பூஜைப்புரைக்குக் கிளம்புறது ஒண்ணு. ஒவ்வொண்ணும் சில நிமிஷம். த்ரில் போயிருமேன்னு கேட்பே. எழுந்தருளிப்பைப் பார்க்க வர்ற சனம் காலங்காலமாத் தெருவோரத்துலதான் நின்னு பார்க்குது. பல்லக்குல ஏறி உட்கார்ந்து பார்க்கணும்னு யாரும் கேட்டதில்ல. சாமி போற இடத்துல உன் கேமராவுக்கு என்ன வேலை?

மருமகன் பல்லக்கை விட்டுவிட்டு முக்காலி வாங்கப் போய்விட்டான் என்று வைத்துக்கொள்வோம். வாசகர்களில் யாராவது இந்தப் பண்டிகைத் தள்ளுபடியில் ஹெட்செட் வாங்கியிருந்தால் ஒரு வார்த்தை. படம் தெளிவாகத் தெரியும்வரை லென்ஸ் தூரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். தொடக்கத்தில் உங்களை நகர்த்தாத காட்சிகளையும், ஒரே இடத்தில் நின்று ஆடும் விளையாட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். முகம் வேர்த்தாலோ வாயில் எச்சில் ஊறினாலோ அந்த நொடியே கழற்றுங்கள். நாளைக்கும் அது அங்கேயேதான் இருக்கும். அரைமணிக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து நிமிடம் ஓய்வெடுங்கள் என்பதும், முழுதாகத் தெளியும்வரை வண்டி ஓட்டக்கூடாது என்பதும் தயாரிப்பாளர்களே கையேட்டில் அச்சிட்டுக் கொடுப்பவை.